கீழே விட்ட மூன்று விரல் இடம்

பிலோமினா மச்சாள் இறந்த செய்தி எனக்குப் பூவரசங்குளத்தில் வைத்துத்தான் கிடைத்தது. தம்பியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு முடிந்த மறுநாள் காலை. முற்றத்தில் பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் சோற்றுக் கிடாரத்தைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவிலிருந்து பக்கத்து வீட்டுச் செபமாலை அக்கா அழைத்தார்.

"வசந்தி, பதறாமல் கேளும். விடியப் பூசைக்கு வரேல்லையெண்டு போய்ப் பாத்தனான். பிலோமினாக்கா எழும்பேல்லை. நித்திரையிலையே போட்டா."

நான் "ஓம்" என்றேன். பிறகு மறுபடியும் "ஓம்" என்றேன். கை முழுக்கச் சாம்பலும் தும்பும். இரண்டு நாளைக்கு முன் நான் புறப்பட்டபோது வாசல் படலை வரை வந்து, "ஆறுதலா நிண்டு வாரும், நான் என்ன ஓடியே போறன்" என்று சொல்லி அனுப்பியவர் அவர். கடந்த ஆறு வருடத்தில் நான் அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியில் தங்கியது அந்த இரண்டு நாள்தான். அதைப் பார்த்துப் போய்விட்டாரே என்று அழுகையோடு கோபமும் வந்தது.

வவுனியாவில் முல்லைத்தீவு பஸ் பிடித்து, புளியங்குளத்தைத் தாண்டும்போது, தொலைபேசிக்கு மரண அறிவித்தல் வந்து சேர்ந்தது. பிரான்சிலிருந்து டிலானி அனுப்பியிருந்தாள். டிலானி என் கணவர் அன்ரனின் மூத்த தாரத்து மகள். பிலோமினா மச்சாள் அன்ரனின் அக்கா. அறிவித்தலை மேலிருந்து கீழே வாசித்தேன். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும் என்று வழமைபோல் எல்லாம் வரிசையாக இருந்தன. அதில் இரண்டு பிழைகள். மச்சாளின் காணாமல் போன தம்பி ஜெராட்டின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டிருந்தார்கள். மற்றது, என் பெயர் எங்கும் இல்லை. அன்ரனின் முதல் மனைவி மெற்றில்டா, உயிரோடு இல்லாதவர், மைத்துனி என்ற இடத்தில் இருந்தார். நான் இல்லை.

டிலானிக்கு எடுத்து ஜெராட்டின் பிழையைச் சொன்னேன்.

"ஐயோ சித்தி, நான் அப்பிடிக் குடுக்கேல்லை. அறிவித்தல் போடுற ஆள் தானாப் போட்டிருக்கிறார். இப்ப மாத்தச் சொல்லுறன். வேறை ஏதும் பிழை இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

எப்படிச் சொல்வேன்? அந்த அறிவித்தலை எழுதியதே நான்தான்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு மச்சாளைக் கருவாட்டுப் பிலோமினா என்றுதான் தெரியும். கரையில் பந்தலில் மீன் காயப்போட்டுக்கொண்டு, காகத்துக்கும் நாய்க்கும் வாங்கப் போகிறவருக்கும் ஒரே குரலில் பேச்சுக் கொடுப்பவர். கல்யாணம் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்குள் இன்னொரு பழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரிந்திராது. தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே ஆயத்தமாக வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் கோயில் திருநாள் முடிந்த மறுநாள், வந்த விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு, பழைய தாளை எடுத்துப் பார்த்து, அந்த வருடம் பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் கட்டியவர், நாடு மாறினவர் எல்லாரையும் திருத்திப் புதிதாக எழுத வைப்பார். "நான் கண்ணை மூடினாப் பிறகு இவையள் அவசரத்தில கண்டபடி எழுதிப்போடுவினம்" என்பது அவர் சொல்லும் காரணம்.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்த சைவக் குடும்பம் எங்களுடையது. சண்டைக்குள் வயது போய்விட்டது. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அன்ரனைச் சந்தித்தேன். மனைவியை இழந்தவர், பதின்மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி மச்சாள் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வருடத் திருநாளின் மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் தந்தார்.

"உமக்கு எழுத்து வடிவு. நான் சொல்லச் சொல்ல எழுதும்."

என்ன எழுதுகிறேன் என்று விளங்கியபோது அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் குசினிக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைச் சாமான் சொல்வதுபோலச் சொன்னார். அன்ரனின் சகோதரி என்றார். டிலானியின் மாமி என்றார். மெற்றில்டாவின் மைத்துனி என்றார். நான் பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் பெயர் வரவில்லை. "கீழை ஒரு மூண்டு விரல் இடம் விடும். அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லித் தாளை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

எனக்கும் ரோசம் உண்டு. ஏன் என்று கேட்கவில்லை. வந்து மூன்று மாதம்தானே, அடுத்த வருடம் போடுவார் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் போடவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. பத்து வருடம் பத்துத் தாள் என் கையாலேயே எழுதினேன். ஒவ்வொன்றிலும் என்னை நானே விட்டு எழுதினேன். வெளியில் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு கிழமைக்கு முன்பே இந்த முறையாவது போடுவாரா என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

மச்சாள் பேப்பர் வாசிக்கும் விதமும் தனி. பக்கத்து வீட்டுப் பேப்பர் பத்து மணிக்கு எங்களிடம் வரும். நேரே மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போவார். அதிலும் கடைசி வரியில்தான் விரல் வைப்பார், 'தகவல்' என்று போட்டிருக்கும் இடத்தில். நான் ஒருமுறை கேட்டேன், செத்தவரின் பெயரை விட்டுவிட்டு அதையேன் பார்க்கிறீர்கள் என்று.

"மேலை கிடக்கிறது சொந்தக்காரர். அது ஆரும் இருப்பினம். கீழை இருக்கிற ஆள்தான் வீட்டு ஆள். செத்தவீட்டுக்குப் போனால் அந்த ஆளைத் தேடித்தான் கை குடுக்கோணும். மற்றவைக்குக் குடுத்தென்ன, விட்டென்ன."

இதைக் கேட்டுவிட்டு நான் தேங்காய் துருவப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கதையையும் சொல்ல வேண்டும். நான் வந்த முதல் வெள்ளி, மச்சாள் பாரை மீன் குழம்பு வைத்தார். அவர்களுக்கு வெள்ளியில் இறைச்சி கூடாது, ஆகவே நல்ல மீன் அன்றைக்குத்தான். எனக்கோ வெள்ளியில் மீனே கூடாது. சம்பலோடு சாப்பிட்டேன். அடுத்த வெள்ளி குசினியில் ஒரு புதுச் சட்டி இருந்தது. "இது மச்சம் படாத சட்டி. உமக்கு" என்றார். அதில் கத்தரிக்காய் வைத்திருந்தார். பிறகு எல்லா வெள்ளியும் அந்தச் சட்டிதான், எல்லா வெள்ளியும் அவரும் என்னோடு அதிலிருந்துதான் சாப்பிட்டார். கணவர் இறந்த பிறகு எனக்குச் சாமியோடு கோபம். விரதத்தை மனதுக்குள் விட்டுவிட்டேன். ஆனால் எனக்காகத் தனியாக வைக்கிறாரே என்று வாய் திறக்காமல் தின்றேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு வெள்ளி, மழைக்குள், பொரித்த சூடை மீன் வாசம் செபமாலை அக்கா வீட்டிலிருந்து வந்தது. தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். மச்சாள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடி பாவி! நீர் தனியச் சாப்பிடுவீரெண்டு நானெல்லோ மீனை விட்டனான். இத்தினை வருசமா எனக்குக் கத்தரிக்காயைக் கண்டாலே குமட்டுது."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது குறைவு. அன்றிலிருந்து வெள்ளியில் மீன்தான். சட்டியை மட்டும் அவர் எறியவில்லை. உமக்குக் கோபம் தீர்ந்தால் தேவைப்படும் என்றார்.

என் கணவர் போனது நாங்கள் கல்யாணம் செய்த நாலாம் வருடம். காலையில் கடலால் வந்து, வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது கைகளில் இன்னும் கயிற்றுத் தழும்பு சிவந்திருந்தது. அடக்கம் முடிந்து சில நாளில் என் தம்பி வான் பிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, இனி இஞ்சை ஆரை நம்பி இருக்கிறது? வாங்கோ" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. பிள்ளையில்லை. வீடு மச்சாளுடைய காணியில் மச்சாள் பெயருக்குக் கிடைத்த வீடு. உடுப்பை அடுக்கிவிட்டேன். மச்சாள் முற்றத்தில் கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே தம்பியிடம் சொன்னார்.

"நாளைக்கு முன்பள்ளி இருக்குத் தம்பி. இருவது குஞ்சுகள் இவவைத்தான் பாத்துக்கொண்டிருக்கும். எப்பிடிப் போறது?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவர் முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் சொன்னாரா, டிலானியைப் பார்க்க ஆள் வேண்டுமென்று சொன்னாரா, இல்லை எனக்காகவா? இந்த மனிதருக்கு நான் என்ன முறை என்று அன்றிரவு படுத்திருந்து யோசித்தேன். அந்த வருடத் திருநாள் வந்தது. அன்ரனின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று எழுதச் சொன்னவர் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார். என் பேனையும் நின்றது. இரண்டு பேரும் அழுதோம், அதற்குப் பிறகும் என் பெயர் வரவில்லை.

ஜெராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மச்சாள், காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரோடு, றோட்டோரப் போராட்டக் கொட்டிலில் இருந்ததை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். தாள் எழுதும்போது அந்தப் பெயர் வந்ததும் கதிரையிலிருந்து காலை இறக்கி வைப்பார். "ஜெராட்டுக்கு முன்னாலை ஒண்டும் போடாதையும். சும்மா ஜெராட் எண்டு எழுதும். எனக்குத் தெரியாததை நான் பேப்பரில போடன்." அதனால்தான் பஸ்ஸுக்குள் எனக்கு அந்தப் பிழைதான் முதலில் குத்தியது. என்னுடையது பிந்தித்தான்.

நாற்பத்திரண்டாவது வயதில் நான் ஸ்கூட்டி பழகியதும் அவரால்தான். அவருக்கு நெஞ்சுக்கு மருந்து எடுக்க மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. முச்சக்கரவண்டிக்காரனின் பாட்டுச் சத்தம் பிடிக்காது. "நீர் பழகும், நான் பின்னாலை இருக்கிறன்" என்றார். சைக்கிளையே பயந்து பயந்து ஓடிய ஆள் நான். முதல் நாள் களப்புப் பாலத்தடியில் ஒரு மாட்டைக் கண்டு நான் பிரேக்கை அமத்த, அவர் ஒரு கையில் செபமாலை மணிகளும் மறு கையில் என் சட்டையுமாகப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சாகப் பயமில்லை. ஆனால் மாட்டோட முட்டிச் செத்ததெண்டு அறிவித்தலில போடேலாது, பாத்து ஓடும்" என்றார். இன்றைக்கு நான் ஒட்டுசுட்டான்வரை தனியே ஓடுகிறேன். பின்னால் பாரமில்லாமல் வண்டி ஓடுவது இன்னும் பழகவில்லை.

டிலானி என்னோடு முதல் இரண்டு வருடம் கதைக்கவே இல்லை. தகப்பன் போன பிறகு ஒரு நாள் தலையைக் கொண்டுவந்து என் மடிக்கு முன்னால் வைத்து, "பின்னி விடுங்கோ சித்தி" என்றாள். அந்தச் 'சித்தி'யை நான் பல நாள் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு படித்தாள், கல்யாணம் பேசி வந்தது, பிரான்சுக்குப் புறப்பட்டாள். அவள் போக முதல் வந்த திருநாளில், நான் தாளை எழுதி முடித்து மேசையில் வைத்ததும், "மாமி, உங்கட பகிடியை நானும் கொண்டு போறன்" என்று தொலைபேசியில் படம் பிடித்தாள். இப்போது அவள் அறிவித்தலுக்குக் கொடுத்தது அந்தப் படத்தைத்தான். பாவம், அவளைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவளும் தன் பங்குக்குத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கீழே போட்டிருந்தாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். பெரிதாகக் கதை இருக்காது. நான் முன்பள்ளியால் வர அவர் சோறு போட்டு வைத்திருப்பார். முகத்தில் கோபமோ கவலையோ தெரிந்தால், "சோறு முதல், மற்றதெல்லாம் பிறகு" என்பார். சாப்பிட்டு முடிய, கேட்க மறந்துவிடுவார். அதுவும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். நான் பஸ்ஸால் இறங்கி நடந்து வரும்போது முற்றம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் மச்சாளின் ஒன்றுவிட்ட தம்பியிடம் கை கொடுத்தார்கள், சுவாமியாரிடம் கொடுத்தார்கள். சிலர் என்னருகில் வந்து ஒரு கணம் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "தேத்தண்ணி குடுக்கிற ஆள் ஆர்?" என்று கேட்டார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். யாரிலும் பிழையில்லை. அறிவித்தலில் இல்லாத ஆளிடம் எப்படித் துக்கம் கேட்பது? சேமக்காலையில் மண் போடும்போதும் நான் கடைசி ஆட்களில் ஒருத்தியாகத்தான் போட்டேன். மனம் நொந்ததை மறைக்கப் போவதில்லை.

எட்டாம் நாள் தம்பி மறுபடியும் வான் பிடித்துக்கொண்டு வந்தான். இந்த முறை முற்றத்தில் நிமிராமல் பதில் சொல்ல ஆளில்லை. வாறன் என்று சொல்லிவிட்டேன். போக முதல் மச்சாளின் சீலைகளைக் கோயிலுக்குக் கொடுக்கவென்று அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே, பிளாஸ்ரிக் உறையில், நான் எழுதிய பத்துத் தாள்களும் இருந்தன. ஒவ்வொரு வருடமும் பழையதைக் கிழித்து எறிகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே கிடந்தது போன திருநாளுக்கு எழுதியது. என் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, நான் விட்ட மூன்று விரல் இடத்தில், நீலப் பேனையால், குழந்தைப்பிள்ளை எழுத்தில், கோணல் மாணலாக எழுதியிருந்தது:

தகவல் - வசந்தி, வீடு.

அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் அதுதான். அதற்கடுத்ததிலும் அதுதான். நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வருடத் தாளில் மட்டும் அந்தக் கடைசி வரியில் அன்ரனின் பெயர் எழுதி வெட்டியிருந்தது. வெட்டியதற்குப் பக்கத்தில் என் பெயர். கணவர் உயிரோடு, நல்ல சுகமாக, அதே வீட்டில் இருந்த காலம் அது. நான் வந்து மூன்று மாதம்.

வெளியில் தம்பி ஹோர்ன் அடித்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

"நாளைக்கு முன்பள்ளி இருக்குத் தம்பி" என்றேன்.

அவன் வானைத் திருப்பிக்கொண்டு போனான்.

மேலே ஏன் என் பெயரைப் போடவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. பத்து வருடத்தில் ஒரு தரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கத்தரிக்காயில் விட்ட அதே பிழையை இதிலும் விட்டிருக்கிறோம். இப்போது பின்னேரங்களில் வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். பேப்பர் பத்து மணிக்கு இன்னும் வருகிறது, நான் பள்ளியால் வந்த பிறகுதான் அதைப் பிரிக்க ஆள். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் படாத சட்டியில்தான் சமைக்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், தனியே மீன் தின்ன மனம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை அந்தச் சட்டியும், பத்துத் தாளும், சோறு முதல் என்ற அந்தச் சொல்லும்தான்.

இந்த மலருக்குக் கடைசிப் பக்கத்தில் என்ன போடுவதென்று டிலானி கேட்டாள். தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். "ஏன் சித்தி அண்டைக்கே சொல்லேல்லை?" என்று அழுதாள். அன்றைக்கு எனக்கே தெரியாதே. மச்சாளின் கையெழுத்தை அப்படியே போட்டிருக்கிறாள். திருப்பிப் பாருங்கள்.

அன்று வந்து, யாருக்குக் கை கொடுப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனவர்கள், இந்தப் பக்கம் வந்தால் படலையைத் திறந்து உள்ளே வாருங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.